கயிறு தளர்ந்தால் நடக்கலாம்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் இப்போது இருக்கும் பட்டிப்பொலவில் யாராவது அதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்து என் வீட்டு வாசலில் நிற்பார். சத்தம் போடமாட்டார், கோபப்படவும் மாட்டார். "என் பேரு எதுக்குங்க ஐயா அதுல?" என்று ஒரு தடவை கேட்பார். பிறகு நான் அடித்துத் திருத்தும்வரை அங்கேயே நிற்பார். அவர் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபிஸில் பெரிய கிளாக்கராக இருந்தேன். அவர் மேட்டு லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்து கொழுந்து பறித்த பெண். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கலாம். எனக்கு ஐம்பத்தேழு. அந்த நாட்களில் நான் அவரை 'புள்ள' என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுத இப்போதுதான் கை பழகியிருக்கிறது.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது என் நாயால். அது அவரைப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளியது.

ரெக்ஸ் உண்மையில் என் மகளின் நாய். கலியாணம் முடித்துக் கண்டிக்குப் போனவள், அங்கே வீட்டில் இடமில்லை என்று எங்களிடம் விட்டுவிட்டாள். பாதி அல்சேஷன். மற்றப் பாதி என்னவென்று மிருக வைத்தியருக்கே தெரியவில்லை. அதே சமயத்தில் எனக்குச் சீனி கூடிவிட்டது. தினமும் நடக்கத்தான் வேண்டும் என்று நுவரெலியா டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாயையும் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்று கிளம்பினேன். கேட்டைத் தாண்டியதும் அது பாயும். நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடுவேன். "கிளாக்கரையாவ நாயி கூட்டிகிட்டுப் போகுது" என்று லயத்துப் பெண்கள் சிரிப்பது எனக்கும் கேட்கும். கேட்காத மாதிரிப் போவேன்.

அன்றைக்கு மழை விட்டுப் பாதை வழுக்கலாக இருந்தது. கீழே வளைவில் கோழி ஒன்று குறுக்கே ஓடியது. ரெக்ஸ் இழுத்த இழுப்பில் கயிறு என் கையை விட்டுப் போய்விட்டது. எதிரே அவர் தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நாய் அவர்களைச் சுற்றிப் பாய, கயிறு அவர் காலில் சிக்கி, ஆள் அப்படியே கானுக்குள் விழுந்தார். நாய் அவர்மேல் குனிந்து நின்று குரைத்தது. அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கானுக்குள் கிடந்தபடியே அவர் ஒரு சொல் சொன்னார். கத்தவில்லை, தாழ்ந்த குரல்தான்.

"இன்ன."

சிங்களத்தில் 'இரு', 'நில்' என்று அர்த்தம். ரெக்ஸ் சிங்களம் கேட்டதே இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றது.

இடது மணிக்கட்டில் எலும்பு வெடித்திருந்தது. நானே வேன் பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்க் காதில் பேசி, பக்கக் கதவு வழியாக உள்ளே விடச் சொல்லிவிட்டு வந்தேன்.

"வா புள்ள, இந்தப் பக்கம்."

அவர் வரிசையை விட்டு நகரவில்லை. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு முன்னால பதினோரு பேரு நிக்கிறாங்க ஐயா."

"அதெல்லாம் நான் பேசிட்டேன், வா."

"அவங்களுக்கும் வலிக்கும்தானுங்களே."

நான் தோளைத் தொட்டுத் தள்ளாத குறையாகக் கெஞ்சினேன். பிறகு அதட்டினேன். ஒரு பலனும் இல்லை. ஊழியர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் பன்னிரண்டாவது ஆளாகத்தான் உள்ளே போனார். எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. அவர் இப்படி நிற்பதை நான் பார்ப்பது அது முதல் தடவையும் அல்ல.

அதற்கு முந்தைய வருடம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, தோட்டத்தில் குடியிருப்பதாக ஒரு கடிதம் கேட்டு ஆபிஸுக்கு வந்திருந்தார். எனக்கு அன்று வேலை அதிகம். "நாளைக்கு வா புள்ள" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னலை விட்டு மூன்றடி தள்ளிப் போய் நின்றார். தேத்தண்ணி நேரம் வந்தது, போனது. தூறல் போட்டது. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் முக்காட்டுக்குள் அந்த முகம். முறைப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"நாளைக்குன்னுதான சொன்னேன்?"

"நாளைக்கும் இங்கதான் ஐயா நிப்பேன். அதுக்கு இன்னிக்கே நின்டா என்னா?"

ஐந்து நிமிட வேலை. டைப் செய்து கொடுத்தேன். "திமிர் பிடிச்ச பொம்பள" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

கானில் விழுந்த விஷயம் மறுநாளே தொரையின் காதுக்குப் போய்விட்டது. தொரை, அதாவது தோட்டத்து நிர்வாகி, இளம் ஆள், கண்டிப்பானவர். அடுத்த மாத முடிவுக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று கடிதம் எழுதச் சொன்னார். தொரை சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். மேலே என் பெயர், கீழே அவர் கையெழுத்து. கடிதத்தை நானே உறையில் போட்டு, நானே பெற்றுக்கொண்டதாகப் புத்தகத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

என் மனைவி சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். மகளுக்குப் போனில் சொல்லவும் மனம் வரவில்லை. கட்டிப்போட்டே வைக்கலாமா, யாருக்காவது கொடுக்கலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் காலை, மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர் எங்கள் கேட்டில் நின்றார். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டுங்க ஐயா. கை கட்டு அவுக்கிற வரைக்கும் எனக்கு மலையில வேல இல்ல. காலையில ஒரு மணி நேரம் வாறேன். நாயிக்கு நடக்கச் சொல்லிக் குடுப்போம்."

"உனக்குத் தெரியுமா?"

"கொழும்புல ஒரு வீட்டுல நாலு வருசம் இருந்தேன். அங்க ரெண்டு பெரிய நாயிங்க. சொல்லிக் குடுக்க ஒரு சிங்கள மாத்தயா வருவாரு. நான் பாத்துகிட்டே இருப்பேன். பொறகு நடத்துற வேல என் தலையில விழுந்திருச்சு."

முதல் நாள் நாங்கள் கேட்டைத் தாண்டவே இல்லை. கயிற்றை எடுத்தாலே ரெக்ஸ் ஆளுயரத்துக்குக் குதிக்கும். அவர் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டச் சொல்வார். நாய் அடங்கியதும் எடுக்கச் சொல்வார். அது குதித்தால் மறுபடியும் மாட்டல். கயிறு பூட்டி முடியவே அரை மணி. பிறகு கேட். திறந்தால் பாயும், மூடுவோம். அது உட்கார்ந்தால் திறப்போம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் கேட் அகலத் திறந்திருக்க, ரெக்ஸ் உட்கார்ந்தபடியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதன் வாயில் ஒரு ரொட்டித் துண்டை வைத்தார்.

"இன்னிக்கு நடை முடிஞ்சிதுங்க ஐயா."

"எங்க நடந்தோம்?"

"கேட்டுக்குள்ளயே பாதி வேல இருக்குங்க."

என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. மூன்று நாளில் அழுகை போய்ச் சிரிப்பு வந்தது எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

அதன் பிறகு பாதை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பின், வெறும் பாதையில் தொடங்கினோம். அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான். கயிறு தளர்ந்திருந்தால் நடக்கலாம், இறுகினால் நிற்க வேண்டும். நாய் இழுத்த பக்கம் ஓரடி கூட வைக்கக் கூடாது. அதைப் பின்னால் இழுக்கவும் கூடாது. மரம் மாதிரி நின்றால் போதும். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, நாம் ஏன் வரவில்லை என்று அது ஒரு தரம் திரும்பிப் பார்க்கும். அந்த நொடி கயிறு தளரும். 'நல்ல புள்ள' என்று சொல்லி, கால் பக்கத்தில் ரொட்டித் துண்டைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருந்தது. எங்கள் கேட்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை நூறு அடி இருக்கும். அதைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. நாய்கூட மூன்றாம் நாளில் பிடித்துக்கொண்டது. நான்தான் தோற்றுப் போனேன். அது இழுத்தால் என் கை தன்னையறியாமல் பின்னால் வெட்டி இழுக்கும்.

"ஐயா, நீங்க இழுக்கிறீங்க."

"அதுதான இழுக்குது!"

"அதுவும் இழுக்குது, நீங்களும் இழுக்கிறீங்க. ரெண்டு பேருல யாருக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கிறது?"

தோட்டத்து ஆபிஸில் முப்பது வருடம் இருந்தவனிடம் இப்படி யாரும் பேசியதில்லை. முகம் சூடேறியது. ஆனால் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றின் நுனியை என் இடுப்புப் பெல்ட்டில் கட்டச் சொல்லிவிட்டு, "இப்ப கைய சும்மா தொங்க விடுங்க" என்றார். நின்றேன். நாய் இழுத்தது. என்னால் வெட்டி இழுக்க முடியவில்லை. சற்று நேரத்தில் அது திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குமுன் அது என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எப்போதும் அதன் முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"வீட்டுலயும் அந்தக் கயித்த இவரு பெல்ட்டுல கட்டி வுடுங்க புள்ள" என்று நாங்கள் திரும்பியதும் மனைவி சொன்னாள். "நான் சொல்லி ஒரு நாளும் நின்னதில்ல இந்த மனுசன்."

கொழும்பு வீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மழைக்காகக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் ஒதுங்கியிருந்தபோது நான்தான் கேட்டேன், நல்ல இடத்தை ஏன் விட்டு வந்தாய் என்று.

"அம்மா செத்துப் போச்சுன்னு போன் வந்திச்சுங்க. அந்த வீட்டுல அன்னிக்கு விருந்து. ரெண்டு நாள் கழிச்சிப் போன்னாங்க. கேட்டு சாவிய எடுத்து வச்சிகிட்டாங்க."

"சண்ட போட்டியா?"

"இல்லைங்க. பைய எடுத்துகிட்டு கேட்டுகிட்ட போயி நின்னேன். அந்தம்மா வந்து ஏசுனாங்க. பொறகு நல்லாச் சொன்னாங்க. பொறகு உள்ள போயிட்டாங்க. பகலைக்கு விருந்தாளிங்க கார் வந்திச்சு. கேட்டத் தொறந்துதான ஆகணும்? தொறந்தாங்க. நான் வெளிய வந்துட்டேன்."

"அடக்கத்துக்கு வந்து சேந்தியா?"

"சேந்துட்டேன். ரயிலு கொஞ்சம் சுணங்குச்சு, ஆனா மொகத்தப் பாத்துட்டேன்."

கொட்டில் தகரத்தில் மழை பலமாக விழுந்துகொண்டிருந்தது. அவர் ரெக்ஸின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு நாயிங்களும் கேட்டு வரைக்கும் என் பொறகாலயே வந்திச்சு. 'இன்ன'ன்னு சொன்னேன். கேட்டு தொறந்துதான் கெடந்திச்சு. ஆனா நின்னுருச்சுங்க."

மழை விட்டதும் மூவரும் இறங்கி நடந்தோம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தாலும் என் மனதில் ஒரு சந்தேகம் இருந்தது. அடிபட்டவள் எதற்காக இப்படித் தினமும் வருகிறாள்? ஆபிஸில் ஏதோ பெரிய காரியம் ஆக வேண்டியிருக்கிறது, நேரம் பார்த்துக் கேட்கப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆபிஸ் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தேன். "ரோடு எல்லாருக்கும் வேணுமில்லைங்களா" என்றார். அது ஒரு பதிலாக எனக்குப் படவில்லை.

நான்காவது வாரத்தில் என் மனைவிதான் சொன்னாள். அவர் மகள் அந்த விபத்து நடந்த நாளிலிருந்து பள்ளிக்கூடப் பாதையில் கால் வைக்கவில்லையாம். தகப்பன்தான் தினமும் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் கொண்டுபோய் விடுகிறாராம். மழையில் அந்த வழி சறுக்கும், அட்டையும் ஏறும். சில நாள் பாதி வழியில் அழுது திரும்பிவிடுகிறதாம். தூக்கத்திலும் நாய் வருகிறதாம்.

மறுநாள் காலை அவரிடம் நேராகக் கேட்டேன்.

"ஏன் புள்ள என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நாய அனுப்பிருவீங்க. இந்த நாயி போனா வேற நாயி. தோட்டத்துல நாயிக்கா பஞ்சம்? அவ பயம் போகாதுங்களே."

"கையப் புடிச்சி ஒரு தடவ இந்த ரோட்டுல கூட்டிகிட்டு வந்துட்டா சரியாப் போயிருமே?"

"இழுத்தா வருவா. பொறகு தெனம் இழுத்துகிட்டே இருக்கணும்." கயிற்றின் முடிச்சைச் சரி பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் பயம்தாங்க ஐயா. காலையில ஒங்க கேட்டத் தொறக்க முன்னால, திரும்பிப் போயிரலாமான்னு நெனப்பேன். இன்னிக்கும் நெனச்சேன்."

நான் அவர் கையைப் பார்த்தேன். கயிறு பிடித்திருந்த வலது கை. நான்கு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கயிறு தளர்ந்து தொங்குவதை மட்டும் கவனித்தவன், அவர் அதன் நுனியை விரல்களில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருப்பதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் நேரத்தை மாற்றினோம். மாலையில் கொழுந்து நிறுக்கிற நேரம், ஆட்கள் கூட்டமாக வரும்போது நடந்தோம். லயத்துக்குக் கீழே, தள்ளி நிற்போம். அந்தப் பிள்ளை முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. அடுத்த வாரம் படியில் உட்கார்ந்து பார்த்தது. பிறகு தண்ணீர்க் குழாய் வரை வந்தது. அவர் ஒரு நாளும் மகளைக் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கமாட்டார். ஆனால் முதுகுக்குப் பின்னால்தான் அவர் கவனம் முழுக்க இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

தொரை சொன்ன அந்த மாத முடிவில் அவருடைய வண்டி எனக்கும் ரெக்ஸுக்கும் எதிரே வந்தது. கொழுந்து லொறியும் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. கயிறு என் கையில். ரெக்ஸ் ஒரு தரம் இழுத்தது. நின்றேன். அது திரும்பி வந்து என் காலோடு ஒட்டி உட்கார்ந்தது. தொரை கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த லெட்டர் பைல்ல இருக்கட்டும் கிளாக்கர்" என்றார். "இனி அதுக்கு வேலையில்ல."

நான் பெருமூச்சு விட்டது தொரைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் ரெக்ஸைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அவரிடம் சொன்னபோது, "நல்லதுங்க ஐயா" என்றதோடு சரி. அவர் காத்திருந்தது வேறொன்றுக்கு.

கட்டு அவிழ்த்து, அவர் மறுபடி மலைக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். நானும் ரெக்ஸும் மட்டும் காலை நடைக்குப் போயிருந்தோம். பனி இன்னும் கலையவில்லை. கீழ் வளைவுக்குத் திரும்பியபோது எதிரே வெள்ளைச் சீருடை தெரிந்தது. அந்தப் பிள்ளை. தனியாக. முதுகில் புத்தகப் பை.

மேலே லயத்துப் பாதை தொடங்கும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கொழுந்துக் கூடை முதுகில் கிடந்தது. இறங்கி வரவில்லை. குரல் கொடுக்கவும் இல்லை.

ரெக்ஸ் பிள்ளையைப் பார்த்து இரண்டடி முன்னால் போனது. கயிறு இறுகியது. என் கை முழுவதும் பின்னால் இழு, இழு என்றது. நான் இழுக்கவில்லை. நின்றேன். நாய் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. பிறகு அதுவாகவே பாதை நடுவில் உட்கார்ந்தது.

பிள்ளையும் நின்றுவிட்டது. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. நாயைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. 'வா மகள், ஒண்ணும் செய்யாது' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பிறகு அது நடந்தது. பாதையின் அடுத்த ஓரம், தேயிலைச் செடியை உரசிக்கொண்டு. ஈரத்தில் பாவாடை நனைந்தது. எங்களுக்கு நேரே வந்தபோது கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டது. கால் நிற்கவில்லை. ரெக்ஸ் மூக்கை நீட்டி மோந்து பார்த்தது, அவ்வளவுதான். கடந்துபோய்ப் பத்தடி தள்ளிக் கண்ணைத் திறந்து, திரும்பி, பள்ளிக்கூடத்தில் சொல்கிற அதே ராகத்தில் "குட் மோர்னிங் சேர்" என்றது. என்னிடமா, நாயிடமா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பிறகு குதித்துக்கொண்டு வளைவில் மறைந்துவிட்டது.

நான் மேலே பார்த்தேன். அவரைக் காணவில்லை. பதறிப்போய்ப் பாதையில் ஏறினேன். கூடையை இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் படிக்கல்லில் உட்கார்ந்திருந்தார். வாயைக் கையால் பொத்தியிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போயிட்டா ஐயா."

"போயிட்டா புள்ள."

"கண்ண மூடிகிட்டா பாத்தீங்களா? ஆனா போயிட்டா."

கீழே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தாமதமானால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார். அதைச் சொன்னேன்.

"அனுப்புனா அனுப்பட்டுங்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்."

ரெக்ஸ் போய் அவர் பாதத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. நானும் அடுத்த கல்லில் உட்கார்ந்தேன்.